ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி

கதவைத் திறந்தேன். வாசற்படியில் முன்பின் தெரியாத ஒருவர் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் வளையம் நிறையச் சாவிகள், இன்னொரு கையில் அரம். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார். பிறகு திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்: “அந்தர் ஸே பந்த் ஹை, பஹன்ஜி! நான்தான் அப்போதே சொன்னேனே, உள்ளேயிருந்து தாழ் போட்டிருக்கிறது என்று!”

அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி. ஆன்ட்டிக்குப் பின்னால், ஜூன் மாத வெயிலில், எங்கள் குடும்பம் மொத்தமும் நின்றது. என் ஓரகத்தி சரோஜா அக்கா, அவருடைய கணவர், அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகள், தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு என் மாமியார். ஐந்து பேர் முகமும் சிவந்து போயிருந்தது. சின்னவள் வாந்தி எடுத்திருந்தாள். அவள் கவுனில் தெரிந்தது.

அவர்கள் தமிழ்ப் படம் பார்க்கப் போனவர்கள். ஒரு மணிக்குத்தான் திரும்பியிருக்க வேண்டும். அப்போது பன்னிரண்டே கால்.

என் கை இரண்டிலும் ஏர் கூலர் தொட்டியின் பச்சைப் பாசி. எனக்குப் பின்னால், முன்னறைத் தரை முழுக்க, கூலரின் கதவுகளும் புல் தட்டிகளும் குழாயும் பிரித்துப் போடப்பட்டுக் கிடந்தன. நடுவில் என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பம்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரோஜா அக்கா என் நெற்றியைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இருந்த கூலரைப் பார்த்தார். பிறகு மறுபடியும் என் நெற்றியைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என் மேல்தான் இருக்கிறது.

அனுமதி

சென்ற வாரம் இந்தத் தொடரில் டெல்லிக் குளிரைப் பற்றியும், ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குப் பஞ்சு அடிப்பவரைப் பற்றியும் எழுதியிருந்தேன். அது சுலபம். இதை எழுதுவதற்கு முன்னால் திருச்சிக்குப் போன் போட்டு சரோஜா அக்காவிடம் அனுமதி கேட்டேன்.

“எழுதுடி. இப்பல்லாம் யாரு படிக்கிறா? பேரை மட்டும் மாத்திடு. நல்ல பேரா வையி” என்றார்.

ஆகவே சரோஜா என்பது அவருடைய பெயர் இல்லை. அவரே தேர்ந்தெடுத்துக்கொண்டது. என் கணவரிடம் கேட்க வழியில்லை. அவர் போய் நான்கு வருஷமாகிறது. அவர் இருந்திருந்தால் இந்த வாரம் ரஜாயைப் பற்றியே இன்னொரு அத்தியாயம் எழுதியிருப்பேன்.

ஒன்றரை அறையில் ஏழு பேர்

தொண்ணூறுகளின் ஆரம்பம். லோதி ரோட்டை ஒட்டிய அரசாங்கக் குடியிருப்பில் எங்கள் வீடு. என் கணவரின் அண்ணன் பெயரில் ஒதுக்கியது. ஒரு அறை, அதை ஒட்டி அரை அறை, சமையலறை, பின்னால் ஒரு சின்ன முற்றம். முன்னறையில் ஆண்கள் படுப்பார்கள். உள்ளே மாமியார், அக்கா, குழந்தைகள், நான். யார் புரண்டு படுத்தாலும் மற்ற எல்லோருக்கும் தெரியும்.

இப்படியொரு வீட்டில் கல்யாணமானவர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. நகரத்தில் ஒரு தியேட்டரில் ஞாயிறு காலைக் காட்சி மட்டும் தமிழ்ப் படம் போடுவார்கள். ஒன்பதரைக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டரைக்கு விடும். டிக்கெட் வரிசையும் சேர்த்துப் போக ஒரு மணி நேரம், வர அரை மணி. பஸ் கிடைக்காவிட்டால் அதிகம். ஆக நாலரை மணி நேரம் வீடு காலி.

நான் வருவதற்கு முன்னால் என் கணவர்தான் ஞாயிறு தவறாமல் தன் அம்மாவையும் அண்ணன் குழந்தைகளையும் படத்துக்கு அழைத்துப் போவாராம். அண்ணனுக்கும் அண்ணிக்கும் வீட்டில் வேலை இருக்கும். நான் வந்த பிறகு முறை வைத்தார்கள். ஒரு ஞாயிறு அவர்கள், மறு ஞாயிறு நாங்கள்.

இதைப் பற்றி யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே சரோஜா அக்கா பொதுவாகச் சொல்வார்: “நாளைக்கு வசந்திக்குத் தலைவலி வரும்போல இருக்கு. அவ படத்துக்கு வரல.” மாமியார் தலையை ஆட்டுவார். என் தலைவலிக்கு முதல் நாளே நேரம் குறித்தாகிவிடும். எனக்குத் தலைவலி என்றால் கணவர் துணைக்கு இருந்தாக வேண்டும் என்பதும் சொல்லாமலே தெரியும்.

தலைவலி தீர்ந்த ஞாயிற்றுக்கிழமைகளில், மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, பார்க்காத படத்தின் கதையை அக்கா எனக்குச் சொல்லுவார். அவர் முறையன்று நான் அவருக்குச் சொல்லுவேன். சண்டைக் காட்சி, அம்மா சாகும் காட்சி எல்லாவற்றையும் சொல்லுவோம். டூயட் வந்தால் மட்டும் “அப்புறம் ஒரு பாட்டு” என்று தாண்டிவிடுவோம். தாண்டும்போது அக்கா என் முகத்தைப் பார்ப்பார். நான் பாத்திரத்தைப் பார்ப்பேன்.

கேமரா திரும்பிக்கொண்ட இடம்

எனக்கு என் அம்மா ஒன்றுமே சொல்லித்தரவில்லை. எங்கள் தெருவில் எந்த அம்மாவும் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. “அவர் சொல்றபடி கேட்டு நட” என்பதோடு பாடம் முடிந்துவிடும். மிச்சமெல்லாம் சினிமாவில் கற்றதுதான்.

சினிமா என்ன கற்றுத்தந்தது? பால் சொம்போடு தலை குனிந்து வர வேண்டும். கட்டில் முழுக்கப் பூ தொங்கும். அவன் முகவாயைத் தொட்டு நிமிர்த்துவான். இவள் வெட்கப்படுவாள். விளக்கு அணையும். அல்லது இரண்டு பூக்கள் காற்றில் முட்டிக்கொள்ளும். அல்லது எங்கோ ஒரு அருவி கொட்டும். அடுத்த காட்சியில் பொழுது விடிந்திருக்கும். கதவைத் திறந்துகொண்டு வருபவளின் குங்குமம் நெற்றியில் இழுபட்டிருக்கும். தலைப் பூ கசங்கியிருக்கும். பார்க்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

நடுவில் என்ன நடந்தது என்பதை கேமரா எனக்குக் காட்டவே இல்லை. கதவு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு அது திரும்பிக்கொண்டுவிட்டது. அதனால், நடுவில் ஒன்றும் நடக்காவிட்டால் என்ன செய்வது என்றும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் முதல் ஞாயிறு அவர் செய்தித்தாளை முழுக்கப் படித்தார். டெண்டர் விளம்பரம்கூட விடவில்லை. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்கு அவர் எழுந்து போய் டீ போட்டு எனக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

இரண்டாவது முறை ஸ்விட்ச் போர்டு கழற்றினோம். மூன்றாவது முறை எனக்கு இந்தி எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். ஒரு ஞாயிறு நானே துணிந்து அவர் தோளில் கை வைத்தேன். அவர் அப்படியே விறைத்துப் போனார். பிறகு என் கையை இரண்டு தடவை தட்டிக்கொடுத்து, தூங்கும் குழந்தையின் கையை எடுப்பது போல மெதுவாக எடுத்து, என் மடியிலேயே வைத்தார். அன்றைக்கும் டீ போட்டார்.

நல்ல மனுஷர். அதுதான் கஷ்டமே. அடித்திருந்தால், குடித்திருந்தால், ஊருக்கு எழுதிப்போட ஒரு வரியாவது கிடைத்திருக்கும். ‘அவர் எனக்கு டீ போட்டுத் தருகிறார்’ என்று எழுதினால் யார் வந்து என்னை அழைத்துப் போவார்கள்?

முதல் ஞாயிறு பன்னிரண்டே முக்காலுக்கு, அவர்கள் வரும் நேரமாயிற்றே என்று பதறி, கண்ணாடி முன்னால் நின்றேன். என் முகம் காலையில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. குங்குமப் பொட்டின் மேல் கட்டை விரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். தலைப் பூவை எடுத்து உள்ளங்கையில் கசக்கித் திரும்ப வைத்துக்கொண்டேன். கதவைத் திறந்தேன். மாமியார் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குத் திருப்தி என்று தெரிந்தது.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. எல்லோரும் ஸ்டிக்கர் பொட்டுக்கு மாறிவிட்ட காலம் அது. நானும் வாரம் முழுக்க ஸ்டிக்கர்தான். தலைவலி ஞாயிறு மட்டும் குங்குமம். ஸ்டிக்கரை எப்படி இழுப்பது? பூவுக்காக சனிக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை போய் வருவேன். டெல்லி வெயிலில் பாதி வாடித்தான் கிடைக்கும். கசக்கப் போகிற பூ எப்படியிருந்தால் என்ன?

ஒன்றரை வருஷம் இப்படி நடித்தேன்.

சுவரில் படித்த இந்தி

நான் இந்தி எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது எங்கே தெரியுமா? ரயில்வே லைன் ஓரத்துச் சுவர்களில். டெல்லிக்குள் ரயில் நுழையும்போது பார்த்திருப்பீர்கள். பெரிய பெரிய வெள்ளை எழுத்தில், ஆண்களின் ரகசிய வியாதிகளுக்கு நிச்சய குணம் என்று விளம்பரம் எழுதியிருக்கும். மைல் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

கற்ற புதிதில், ஒரு தடவை ரயிலில் வரும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தேன். “குப்த்... ரோக். அப்படின்னா என்னங்க?” எதிரில் உட்கார்ந்திருந்த சர்தார்ஜி இருமினார். என் கணவர் எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டார். நிஜாமுதீன் ஸ்டேஷன் வரும் வரை திரும்பி வரவில்லை. நான் அவரைச் சபையில் சங்கடப்படுத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அந்த நாட்களில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். பஸ்ஸில் போய் வருவேன். டெல்லி பஸ்ஸில் போய் வந்த எந்தப் பெண்ணுக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. ரவிக்கையில் எப்போதும் ஒரு ஊக்கு வைத்திருப்பேன். குத்தியிருக்கிறேன். ஒரு நாள் வீட்டுக்கு வந்து பின்முற்றத்தில் கை கால் கழுவும்போது அழுகை வந்தது. தொடக்கூடாதவர்கள் தினமும் இடிக்கிறார்கள், தொட வேண்டியவர் டீ போடுகிறார் என்று தோன்றியது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே வந்து குழம்புக்குப் புளி கரைத்தேன்.

சினிமாவில் பாட்டு அப்போது மாறிக்கொண்டிருந்தது. பூவும் அருவியும் போய், கதாநாயகியின் இடுப்பை கேமரா நெருங்கிப் பார்க்க ஆரம்பித்த காலம். எங்கள் முறை இல்லாத ஞாயிறுகளில் நான் குழந்தைகளோடு உட்கார்ந்து அதையெல்லாம் பார்ப்பேன். தியேட்டரில் விசில் பறக்கும். மாமியார் “கண்றாவி” என்று முணுமுணுத்துக்கொண்டே கண் கொட்டாமல் பார்ப்பார். உலகத்தில் எல்லோருக்கும் இது நடக்கிறது, எனக்கு மட்டும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். பக்கத்துச் சீட்டில் என் கணவர் குனிந்து சின்னவளின் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருப்பார்.

அந்த ஞாயிறு நடந்தது

சாவிக்காரர் கதைக்கு வருகிறேன். வெளியே என்ன நடந்தது என்பது பிற்பாடு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று ரயில் தாமதம். மெட்ராஸிலிருந்து படப்பெட்டி வந்து சேரவில்லை. காட்சி கிடையாது என்று தியேட்டரில் அட்டை தொங்கியது. ஐந்து பேரும் பத்தரைக்கெல்லாம் வீட்டு வாசலுக்குத் திரும்பிவிட்டார்கள். கதவு சாத்தியிருந்தது.

பெரியவள் கதவைத் தட்டப் போனாள். அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

“ஏம்மா? நம்ம வீடுதானே?”

“சித்திக்குத் தலைவலி. சத்தம் போடாதே” என்றாராம் என் மாமியார்.

எதிரில் இருந்த சதுரப் பூங்காவில் போய் உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு வேப்ப மரம். அதன் நிழல் பதினோரு மணிக்கு நகர்ந்துவிட்டது. அக்காவின் கணவர், என் மச்சாண்டார், ஒரு தடவை எழுந்தாராம். “குழந்தைங்களுக்காகவாவது...” என்று ஆரம்பித்தாராம். மாமியார் முறைத்ததும் உட்கார்ந்துவிட்டாராம். தெருவண்டியில் சர்பத் ஊற்றித் தரும் ஐஸ் கோலா வாங்கிக் கொடுத்தார்கள். அதுதான் சின்னவளுக்கு வாந்தி. ஜூன் வெயில், லூ என்கிற அனல் காற்று வேறு. உள்ளே இருக்கும் எனக்காக, என் வாழ்க்கை நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக, ஐந்து பேர் ஒன்றே முக்கால் மணி நேரம் வெந்துகொண்டிருந்தார்கள்.

அதற்குள் பஞ்சாபி ஆன்ட்டி துணி எடுக்க வெளியே வந்திருக்கிறார். “ஹாய் ரப்பா! ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?” என்று கேட்க, அக்கா அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்: “சாவி தொலைஞ்சுபோச்சு, ஆன்ட்டி.”

ஆன்ட்டி நல்லவர். நல்லவர்களிடம் பொய் சொல்லக்கூடாது என்று அக்கா இன்றைக்கும் சொல்லுவார். சைக்கிளில் சாவிக் கொத்தை ஆட்டிக்கொண்டு போன சாவிக்காரரை ஆன்ட்டி கைதட்டிக் கூப்பிட்டுவிட்டார். “வேண்டாம் ஆன்ட்டி, அவங்க சித்தப்பா வந்திடுவாரு” என்று அக்கா பின்னாலேயே ஓடியிருக்கிறார். ஆன்ட்டி கேட்கவில்லை. “இந்த வெயிலில் குழந்தைகள் செத்துவிடும். சீக்கிரம் திற, பையா, ஜல்தி!”

கதவில் இரும்பு உரசும் சத்தம் கேட்டுத்தான் நான் வந்து திறந்தேன். எனக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. பொட்டைக் கலைக்க நேரம் வரவில்லை என்று கூலருக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பால் பூத் வரிசை

எல்லோரும் உள்ளே வந்தார்கள். மாமியார் மோர் குடித்துவிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மச்சாண்டார் கூலரைச் சேர்த்து மாட்டத் தம்பிக்கு உதவினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஸ்க்ரூ முடுக்கினார்கள்.

சாயங்காலம் அக்கா பால் தூக்கை எடுத்தார். “வா, போலாம்.”

பூத்தில் நீள வரிசை. டோக்கன் போட்டால் குழாயில் பால் வரும் இயந்திரம். முன்னாலும் பின்னாலும் இந்திக்காரர்கள், தமிழ் புரியாது. ரகசியம் பேச டெல்லியில் எங்களுக்கு இருந்த ஒரே வசதி அதுதான்.

“ஏண்டி, ஞாயித்துக்கெழமை மட்டும் எதுக்குக் குங்குமம் வெச்சுக்கறே?”

நான் டோக்கன்களை எண்ணினேன்.

“இழுத்து விட வசதியா இருக்கும்னுதானே?”

என் கையிலிருந்த டோக்கன்கள் கீழே விழுந்தன. குனிந்து பொறுக்கினேன். அக்காவும் குனிந்து பொறுக்கினார்.

“நெசத்துல யாருக்கும் அப்பிடிக் கலையாதுடி. எனக்குக் கல்யாணமாயிப் பதினோரு வருசமாச்சு. ஒரு நாள் கலைஞ்சதில்ல. அதெல்லாம் படத்துல மேக்கப்காரன் பண்றது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. முன்னால் நின்ற பெண்மணி திரும்பிப் பார்த்துவிட்டு, எங்களுக்கு வழி விட்டு ஒதுங்கினாள்.

“எப்பலேருந்துக்கா தெரியும்?”

“மொத நாள்லேருந்து.”

“அப்ப எதுக்குக்கா ஒன்றரை வருசமா எல்லாரையும் கூட்டிக்கிட்டு...”

“என்னிக்காவது ஒரு நாள் நீ கலைக்க மறந்திருக்க மாட்டியான்னுதான். நெசமா ஒன்னு நடந்திருந்தா, பொட்டைக் கலைக்கணும்னு ஒனக்கு நெனப்பே வராதுல்ல? இன்னிக்குக் கதவைத் தெறந்தப்ப நெத்தில பொட்டு கலையாம இருந்திச்சு. ஆகா, ஆயிடுச்சுன்னு ஒரு நிமிசம் சந்தோசப்பட்டேன். அப்புறம் கூலரைப் பாத்தேன்.”

தூக்கில் பால் நிரம்பியது. மூடியை அழுத்தி மூடிவிட்டு அக்கா சொன்னார்: “இந்த வாரத்துக்குள்ள அவர்கிட்ட நேரா கேளு. ஒனக்கு இன்னும் காலம் கெடக்கு. ஊருக்குப் போறேன்னு நீ சொன்னா, அத்தைகிட்ட நான் பேசிக்கறேன். ஒன் மேல ஒரு சொல் வராம பாத்துக்கறேன்.”

பெஞ்சின் இரண்டு முனைகள்

எங்கே கேட்பது? வீட்டில் இடமில்லை. புதன்கிழமை ஆபீஸ் விட்டதும் அவரை லோதி தோட்டத்துக்கு வரச் சொன்னேன்.

கல்லறைக் கட்டிடங்களின் பின்னால், புதருக்குப் பின்னால், குடைக்குள்ளே என்று எங்கே பார்த்தாலும் ஜோடிகள். நாங்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் காவலாளி ஒருவர் தடியைத் தரையில் தட்டிக்கொண்டு, விசிலடித்து எல்லோரையும் எழுப்பிக்கொண்டே வந்தார். எங்களைப் பார்த்து நின்றார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார்.

“ஆப் லோக் பைட்டியே” என்றார். நீங்கள் உட்காருங்கள். போகும்போது தனக்குள் சொல்லிக்கொண்டது எங்களுக்கும் கேட்டது: “ஷாதி ஷுதா ஹை.” கல்யாணமானவர்கள்.

என் கணவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில் கேட்டேன்.

“என்னைப் பிடிக்கலையாங்க?”

அவர் உடனே பதில் சொன்னார். வெகுநாளாக எடுத்து வைத்திருந்த பதில் போல இருந்தது. “உன்னை ரொம்பப் பிடிக்கும். வாரத்துல எனக்குப் பிடிச்ச நாளே நம்ம ஞாயித்துக்கிழமைதான்.”

“அப்புறம்?”

“எனக்கு அது தோணவே மாட்டேங்குது, வசந்தி. உன்கிட்டன்னு இல்ல. யார்கிட்டயும் தோணினதில்ல. இருபது வயசுலயே தெரியும். அந்தச் சுவத்துல எழுதியிருக்கானே, அந்த மாதிரி ஒரு ஆள்கிட்டகூடப் போனேன். பொட்டலம் கொடுத்தான். ஒரு மண்டலம் சாப்பிட்டேன். வயிறுதான் கெட்டுப்போச்சு.”

“தெரிஞ்சுமா கல்யாணம் பண்ணிக்கிட்டீங்க?”

“கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சேன். படத்துல எல்லாம் ஆயிடுதே.”

அதைச் சொன்னபோது அவர் விளையாடவில்லை. என்னைப் போலவே அவரையும் சினிமா அதே கதவு வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கோபம் வந்தது. அதே சமயம் அவர் மேல் பாவமாகவும் இருந்தது. என் மேல் அதைவிட அதிகமாகப் பாவமாக இருந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

“நீ போறதா இருந்தா போ” என்றார். “கொறை எங்கிட்டதான்னு அம்மாகிட்ட நானே சொல்லிடறேன். ஊர்ல வந்து உங்கப்பாகிட்டயும் சொல்றேன். நீ இருக்கறதா இருந்தா, உனக்கு என்ன வேணும்னு சொல்லு. என்னால முடிஞ்சத எல்லாம் செய்றேன். முடியாதது அது ஒன்னுதான்.”

ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தேன். அக்கா பார்த்தார். தன் வேலையைப் பார்த்தார். போனால் எங்கே போவேன், இன்னொரு கல்யாணம் யார் செய்து வைப்பார்கள், அங்கேயும் இதே கதையானால் என்ன செய்வேன் என்று ஒரு பக்கம் ஓடியது. சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று என்னை இனி யார் கேட்பார்கள் என்று இன்னொரு பக்கம் ஓடியது.

காலைக் காட்சி

அந்த ஞாயிறு அக்காவின் முறை. நானும் என் கணவரும் மாமியாரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு படத்துக்குப் போனோம். படப்பெட்டி வந்திருந்தது. முதலில் மாமியார், பிறகு குழந்தைகள், பிறகு அவர், ஓரத்தில் நான்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் டூயட் வந்தது. மலைச்சரிவு, பனி, அவள் மெல்லிய சேலையில் நடுங்காமல் ஆடினாள். அவன் அவளைத் தூக்கிச் சுற்றினான். தியேட்டரே விசிலடித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கைப்பிடியின் மேல் இருந்த என் கை மேல் அவர் கை வந்து உட்கார்ந்தது. பிறகு விரல்களுக்கு நடுவில் விரல்களைக் கோத்துக்கொண்டார். கல்யாணத்தன்று புரோகிதர் சொல்லிப் பிடித்ததற்குப் பிறகு அவராகப் பிடித்தது அதுதான் முதல் முறை. உள்ளங்கை முழுக்க வேர்த்திருந்தது. தேர்வு எழுதுகிறவர் கை மாதிரி இருந்தது. அவர் கண் திரையில்தான் இருந்தது.

பாட்டு முடியும் வரை விடவில்லை. முடிந்த பிறகும் விடவில்லை. என் பக்கம் சாய்ந்து, குழந்தைகளுக்குக் கேட்காமல் கேட்டார்.

“இது போதுமா?”

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் என்ன சொன்னாலும் அப்படியே நடந்துகொள்வார் என்றும் தெரியும். திரையில் அவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். யாரோ யாரையோ அடித்துக்கொண்டிருந்தார்கள். என் கை அவர் கைக்குள் சூடாக இருந்தது. அந்தச் சூடு எனக்கு வேண்டியிருந்தது.

“போதும்” என்றேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது.